எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு எந்த ஆர்என்ஏ இயந்திரம்? ஸ்ப்ளைசியோசோம் முதல் எஸ்எம் வளையம் வரை ஓர் ஒப்பீடு

நான்காம் செமஸ்டர் ப்ராஜெக்டுக்குத் தலைப்பு முடிவு செய்ய வேண்டிய நேரம் இது. பழைய வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, ராயபுரம் பக்கத்துக் கல்லூரிகளில் உயிர்தொழில்நுட்பமோ விலங்கியலோ படிக்கும் பிள்ளைகளில் சிலருக்கு ஆர்என்ஏ மேல் ஆர்வம் உண்டு. செல்லுக்குள் ஆர்என்ஏவைப் பக்குவப்படுத்தும் புரதக் கூட்டமைப்புகள் எப்படி ஒன்றுகூடுகின்றன என்ற பகுதியில் ஏதாவது செய்ய வேண்டும் என்று வருகிறார்கள். எதை எடுப்பது என்பதில்தான் குழப்பம். அந்த ஒரு முடிவுக்கு உதவத்தான் இதை எழுதுகிறேன்.

மரபணுவிலிருந்து படியெடுத்த ஆர்என்ஏ அப்படியே வேலைக்குப் போவதில்லை. நடுவில் இருக்கும் வேண்டாத பகுதிகளான இன்ட்ரான்களை வெட்டி, மிஞ்ச வேண்டிய பகுதிகளான எக்ஸான்களை ஒட்ட வேண்டும். வால் முனையை நறுக்கி அடினைன் சரத்தைச் சேர்க்க வேண்டும். சில ஆர்என்ஏக்களைச் சின்னத் துண்டுகளாக அரிய வேண்டும், கெட்டுப்போனதை அழிக்க வேண்டும். இதில் ஏறக்குறைய ஒவ்வொரு வேலைக்கும் ஒரு புரதக் கூட்டமைப்பு உண்டு. எல்லா உறுப்பினர்களும் சரியான ஆர்என்ஏ மேல் சரியான வரிசையில் வந்து சேர்ந்தால்தான் காரியம் நடக்கும்.

ப்ராஜெக்டுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் பெயர் எவ்வளவு பெரிது என்று பார்க்காதீர்கள். கூடும் வரிசைக்குச் சோதனைச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்துபோன கட்டமைப்பின் படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், யார் முதலில் வந்தார்கள் என்பதை அது சொல்லாது. அடுத்து, கூடுவது தவறினால் என்ன ஆகும் என்பதற்கு மனித உடம்பில் சாட்சி இருந்தால் வைவாவில் நீங்கள் நிற்பதற்குத் தரை கிடைக்கும். இவற்றோடு ஒரு செமஸ்டர் காலமும் கையில் இருக்கும் வசதியும் ஒத்துவர வேண்டும். வீட்டில் லேப்டாப் இல்லை, போன் மட்டும்தான் என்று சொல்லும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். அவர்களையும் மனதில் வைத்தே எடை போடுகிறேன்.

ஸ்ப்ளைசியோசோமைத்தான் எல்லோரும் முதலில் சொல்கிறார்கள். போன வருஷம் ஒரு மாணவி, "மேம், ஸ்ப்ளைசியோசோம் எடுத்தா எக்ஸ்டெர்னல் கிட்ட ஒரு வெயிட் இருக்கும்ல?" என்று கேட்டாள். "வெயிட் இருக்கும்மா, உன்னால தூக்க முடியணும்ல?" என்றேன். அந்த ஆசையில் தப்பில்லை. 1977-இல் ரிச்சர்ட் ராபர்ட்ஸ் குழுவும் பிலிப் ஷார்ப் குழுவும் அடினோவைரஸில் ஆர்என்ஏ துண்டுதுண்டாக வெட்டி ஒட்டப்படுவதைக் கண்டார்கள். 1993-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்ப்ளைசிங் என்ற அந்த வெட்டு-ஒட்டு வேலையைச் செய்வது ஸ்ப்ளைசியோசோம்தான். யு1, யு2, யு4, யு5, யு6 என்று ஐந்து சிறு ஆர்என்ஏக்கள் அதில் உண்டு. மனித செல்லில் அவற்றைச் சூழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட புரதங்கள் வந்து போகின்றன.

அது கூடும் வரிசை அழகானது. இன்ட்ரானின் தொடக்கத்தை யு1 பிடிக்கிறது. கிளைப்புள்ளி என்று சொல்லும் இடத்தில் யு2 அமர்கிறது. பிறகு யு4, யு5, யு6 மூன்றும் ஏற்கெனவே ஒன்றாகச் சேர்ந்த நிலையில் வருகின்றன. அப்போதும் வெட்டு விழாது. பிஆர்பி28 என்ற ஹெலிகேஸ் (ஒட்டிய ஆர்என்ஏ இழைகளைப் பிரிக்கும் நொதி) யு1-ஐ விலக்க வேண்டும், பிஆர்ஆர்2 என்ற ஹெலிகேஸ் யு4-ஐ யு6-இலிருந்து பிரிக்க வேண்டும். யு4-இன் பிடியிலிருந்து விடுபட்ட பிறகுதான் யு6 புதிய வடிவத்துக்கு மடிந்து யு2-வோடு சேர்ந்து வினை மையத்தை அமைக்கிறது. வெட்டும் இடத்தில் உலோக அயனிகளைப் பிடித்திருப்பது புரதம் இல்லை, யு6 ஆர்என்ஏதான் என்பது 2013-இல் சோதனையில் உறுதியானது. அத்தனை புரதங்களும் அந்த ஆர்என்ஏவைச் சரியான நேரத்தில் சரியான வடிவத்துக்குக் கொண்டுவரவே கூடுகின்றன என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

இந்த வரிசை பற்றி ஒரு பெரிய விவாதம் நடந்தது. 2002-இல் ஈஸ்டிலிருந்து ஐந்து உறுப்புகளும் சேர்ந்தே இருக்கும் ஒரு கூட்டமைப்பைப் பிரித்தெடுத்தார்கள். அதனால் ஒரு கேள்வி எழுந்தது. பேசின் பிரிட்ஜ் யார்டிலேயே ரேக் முழுசாகக் கோத்து சென்ட்ரலுக்கு வருவது போல ஸ்ப்ளைசியோசோம் தயாராகவே வருகிறதா, இல்லை பிளாட்பாரத்தில் பெட்டி பெட்டியாக மாட்டுகிறார்களா? 2011-இல் ஆரன் ஹாஸ்கின்ஸ், மெலிசா மூர், ஜெஃப் கெல்லஸ் ஆகியோரின் குழு ஈஸ்ட் சாற்றில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒளிரும் நிறச்சாயம் பூட்டி, ஒற்றை மூலக்கூறு அளவில் நேரடியாகப் பார்த்தது. உறுப்புகள் தனித்தனியாக, வரிசையாகத்தான் வந்தன. ஒவ்வொரு படியும் திரும்பிப் போகக்கூடியதாகவும் இருந்தது. யு1 வந்து அமர்ந்துவிட்டதாலேயே அந்த இன்ட்ரான் வெட்டப்படும் என்று உறுதி இல்லை. படிகள் கூடக் கூட உறுதி ஏறுகிறது.

சான்று என்ற அளவில் ஸ்ப்ளைசியோசோமுக்கு முழு மதிப்பெண். ஆனால் வசதி என்ற இடத்தில் விழுந்துவிடுகிறது. 2015-இல் யிகோங் ஷி குழு பிளவு ஈஸ்டின் ஸ்ப்ளைசியோசோமை கிரையோ-ஈஎம் (உறைய வைத்துப் பார்க்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கி) மூலம் 3.6 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் வெளியிட்டதிலிருந்து ஏறத்தாழ ஒவ்வொரு நிலைக்கும் கட்டமைப்பு வந்துவிட்டது. அத்தனையையும் ஒரு செமஸ்டரில் படித்து முடிப்பதே கடினம். புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் சர்வரில் போட்டுப் பார்க்கலாம் என்றால், ஒரு தடவைக்கு 5,000 டோக்கன்தான் வரம்பு. ஓர் அமினோ அமிலமோ ஒரு நியூக்ளியோடைடோ ஒரு டோக்கன். மையப் புரதமான பிஆர்பி8-இன் மனித வடிவம் மட்டுமே 2,335 அமினோ அமிலம் நீளம். முழு ஸ்ப்ளைசியோசோமை எடுத்தவர்கள் கடைசியில் மற்றவர்களின் ஆய்வுக் கட்டுரைகளைச் சுருக்கி எழுதிக் கொடுப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். முழுசாக எடுக்க வேண்டாம். ஒரே ஒரு படியை எடுக்கலாம். அதற்குக் கீழே வருகிறேன்.

கெட்டுப்போன ஆர்என்ஏவை அழிக்கும் எக்ஸோசோம் இன்னொரு தேர்வு. 1997-இல் டேவிட் டோலர்வே குழு ஈஸ்டில் கண்டது. ஆறு புரதங்கள் வளையமாகவும் மேலே மூன்று மூடியாகவும் சேர்ந்து பீப்பாய் போல நிற்கும், ஆர்என்ஏ உள்ளே நுழைந்து போகும். பாக்டீரியாவின் உறவுக்கார நொதிகளிலும் ஆர்க்கியாவிலும் அந்த வளையமே வெட்டுகிறது. மனிதனில் அந்த ஒன்பது புரதங்களுக்கும் வெட்டும் திறன் போய்விட்டது. கீழே ஒட்டிய டிஸ்3-யும் மேலே ஒட்டும் ஆர்ஆர்பி6-இன் மனித வடிவமும்தான் வெட்டுகின்றன. பரிணாமம் பிடித்தவர்களுக்கு இது விருந்து. நோய்ச் சாட்சியும் உண்டு. எக்ஸோஸ்சி3 மரபணுத் திரிபால் குழந்தைகளின் சிறுமூளை சுருங்கும் நோய் வருகிறது. ஆனால் நம் கேள்வி கூடுவது பற்றியது. பீப்பாய் எந்த வரிசையில் உருவாகிறது என்பதற்கு, கீழே வரும் எஸ்எம் வளையத்துக்கு இருக்கும் அளவு படிப்படியான சான்று இதற்கு இல்லை. தேடும்போதும் கவனம் வேண்டும், செல்லிலிருந்து வெளியேறும் நுண்பைகளுக்கும் இதே பெயர்தான். பாதிக் கட்டுரைகள் அவற்றைப் பற்றியதாகவே வந்து குவியும்.

மைக்ரோஆர்என்ஏ என்ற சிறு துண்டுகளுக்காக நீண்ட ஆர்என்ஏவை அரியும் மைக்ரோப்ராசசர் சின்னது. ஒரு ட்ரோஷா, இரண்டு டிஜிசிஆர்8, ஆக மூன்றே மூலக்கூறுகள். இந்த விகிதத்தை நேரி கிம் குழு 2015-இல் காட்டியது. மைக்ரோஆர்என்ஏவின் முன்வடிவம் கொண்டை ஊசி போல மடிந்திருக்கும். அதன் அடிப்பகுதியை ட்ரோஷாவும் உச்சியை டிஜிசிஆர்8 இணையும் பிடிக்க, அடியிலிருந்து ஏறத்தாழ 11 இணை தள்ளி வெட்டு விழுகிறது. மைக்ரோஆர்என்ஏவைக் கண்டதற்காக விக்டர் அம்ப்ரோசுக்கும் கேரி ருவ்குனுக்கும் 2024-இல் நோபல் கிடைத்த பிறகு இதைக் கேட்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். கணினியில் செய்ய இது தோதானது, டோக்கன் வரம்புக்குள் அடங்கும். குறை என்னவென்றால், கூடுவதில் படிகள் குறைவு. நோய்ச் சாட்சியும் கலங்கல்தான். டிஜிசிஆர்8 இருக்கும் 22-ஆம் குரோமோசோம் பகுதி அழிந்தால் டிஜார்ஜ் நோய்க்கூறு வருகிறது, ஆனால் அப்போது கூடவே பல மரபணுக்களும் போய்விடுகின்றன. பழியை இது ஒன்றின் மேல் போட முடியாது.

வால் முனையை நறுக்கும் சிபிஎஸ்எஃப் கூட்டமைப்பை எடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். 1976-இல் ப்ரௌட்ஃபுட்டும் பிரௌன்லியும் கண்ட ஏஏயுஏஏஏ என்ற குறியை டபிள்யூடிஆர்33-உம் சிபிஎஸ்எஃப்30-உம் படிப்பதும், சிபிஎஸ்எஃப்73 வெட்டுவதும் தெளிவாகத் தெரிந்தவை. ஆனால் கூடவே வரும் துணைக் கூட்டமைப்புகள் அதிகம், ஆர்என்ஏ பாலிமரேஸின் வாலோடும் எல்லாம் பின்னிக்கிடக்கிறது. எம்.எஸ்சி. அளவில் நூல் பிடித்துப் போவது சிரமம்.

என் தேர்வு எஸ்எம் வளையம். யு1, யு2, யு4, யு5 ஆகியவற்றின் உடம்பில் பூட்டியிருக்கும் ஏழு புரத வளையம் அது. பி, டி1, டி2, டி3, இ, எஃப், ஜி. ஏழும் சேர்ந்தாலும் ஆயிரம் அமினோ அமிலத்துக்குள்தான். ஆர்என்ஏவில் ஏயுயுயுயுயுஜி என்பது போன்ற ஓர் இடத்தைச் சுற்றி இவை மூடிக்கொள்கின்றன. ஒவ்வொரு புரதமும் ஓர் எழுத்தைப் பிடித்துக்கொள்ள, இழை வளையத்தின் துளை வழியே போகிறது. ஆர்என்ஏ இல்லாவிட்டால் டி1-டி2, எஃப்-இ-ஜி, டி3-பி என்று மூன்று சிறு குழுக்களாகவே நிற்கும்.

ரைன்ஹார்ட் லூர்மன் ஆய்வகம் 1990-களில் காட்டியபடி, சுத்திகரித்த எஸ்எம் புரதங்களையும் ஆர்என்ஏவையும் குழாயில் கலந்தால் வளையம் தானாகவே கூடிவிடும். அப்படியென்றால் செல்லுக்குள் எஸ்எம்என் என்ற புரதமும் ஜெமின்கள் என்ற அதன் கூட்டாளிகளும் சேர்ந்து ஏடிபி செலவழித்து இதே வேலையைச் செய்வது எதற்கு? இந்தக் கேள்விக்காகவே இந்தத் தலைப்பு எனக்குப் பிடிக்கும். 2002-இல் கிடைத்த விடை: தானாகக் கூடும் எஸ்எம் புரதங்கள், யுரிடின், அதாவது யு எழுத்து, நிறைந்த எந்த ஆர்என்ஏ கிடைத்தாலும் அதன் மேல் போய் அமர்ந்துவிடும். சரியான ஆர்என்ஏவில் மட்டும் அமர வைப்பதே எஸ்எம்என் கூட்டமைப்பின் பங்கு. கூடுவதற்கு உதவி செய்வதைவிட, தவறான இடத்தில் கூடாமல் தடுப்பதற்குத்தான் செல் அதிகம் மெனக்கெடுகிறது.

அந்தத் தடுப்பு நடக்கும் விதம் படிப்படியாகத் தெரியும். சைட்டோபிளாசத்தில் புதிதாகப் பிறந்த எஸ்எம் புரதங்களை முதலில் பிஐசிஎல்என் என்ற புரதம் பிடித்துக்கொள்கிறது. அதன் வடிவமே எஸ்எம் மடிப்பு போன்றது. டி1, டி2, எஃப், இ, ஜி ஐந்தோடும் தானும் ஒருவராக வட்டத்தில் நின்றுகொண்டு, ஆர்என்ஏ நுழையவும் டி3-பி சேரவும் விடாமல் வழியை அடைக்கிறது. இதற்கிடையே பிஆர்எம்டி5 என்ற நொதி பி, டி1, டி3 ஆகியவற்றின் வாலில் உள்ள ஆர்ஜினின்களுக்கு மெத்தில் சேர்க்கிறது. பிறகு எஸ்எம்என் கூட்டமைப்பு வந்து பிஐசிஎல்என்னை வெளியேற்றுகிறது. ஜெமின்2 அந்த ஐந்தையும் அரை வட்டமாக அணைத்து நிற்க, ஜெமின்5 சரியான ஆர்என்ஏவை அடையாளம் காண்கிறது. டி3-பி வந்து வட்டத்தை மூடுகிறது. அதன்பின் ஆர்என்ஏவின் தொப்பியில் கூடுதல் மெத்தில்கள் ஏறி, உட்கருவுக்குத் திரும்புகிறது. இதில் பல படிகளுக்கும் உயிர்வேதியியல் சான்று உண்டு, முக்கியமான இடைநிலைகளுக்குக் கட்டமைப்பும் உண்டு. ஜெமின்2 ஐந்தையும் அணைத்திருக்கும் கட்டமைப்பு 2011-இல் வெளியானது. புரதத் தரவு வங்கியில் 3எஸ்6என் என்ற எண்ணில் போட்டால் வரும். போனில் கூடத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம், தனி மென்பொருள் தேவையில்லை.

நோய்ச் சாட்சிக்கு வருவோம். எஸ்எம்என்1 மரபணு இல்லாமல் போனால் வருவது முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு நோய். நாம் எஸ்எம்ஏ என்கிறோம். மரபணுவை 1995-இல் ஜூடித் மெல்கி குழு கண்டது. நம்மில் பெரும்பாலானவர்களிடம் எஸ்எம்என்2 என்ற பிரதி உண்டு, ஆனால் அதன் 7-ஆம் எக்ஸானில் ஒரு சி எழுத்து டி ஆக மாறியிருப்பதால், ஸ்ப்ளைசிங் நடக்கும்போது அந்த எக்ஸான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. உருப்படியான புரதம் கொஞ்சம்தான் கிடைக்கும். 2016 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நுசினர்சென், 2020-இல் வந்த வாய்வழி மருந்தான ரிஸ்டிப்ளாம், இரண்டும் எஸ்எம்என்2-இன் ஸ்ப்ளைசிங்கைத் திருத்தி 7-ஆம் எக்ஸானை உள்ளே சேர்க்கின்றன. ஸ்ப்ளைசியோசோமின் உறுப்புகளைக் கட்டித்தரும் புரதம் குறைந்தால், ஸ்ப்ளைசிங்கையே திருத்திவிட்டு அந்தப் புரதத்தைக் கூட்டுகிறார்கள்.

எழுதும்போது ஓர் எச்சரிக்கை. 'ஸ்ப்ளைசிங் குறைவதால்தான் எஸ்எம்ஏ வருகிறது' என்று ஒரே வரியில் அடித்துவிடாதீர்கள். எல்லா செல்லுக்கும் தேவையான வளையம் குறையும்போது இயக்க நரம்புகள் மட்டும் ஏன் முதலில் சாகின்றன என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. நரம்பின் நீண்ட இழையில் ஆர்என்ஏவைக் கொண்டுபோவதிலும் எஸ்எம்என்னுக்குப் பங்கு உண்டு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு தரப்பையும் எழுதுங்கள்.

கணினிப் பகுதியை இப்படி வைத்துக்கொள்ளலாம். ஆல்ஃபாஃபோல்ட் சர்வரில் ஐந்து எஸ்எம் புரதங்களை பிஐசிஎல்என்னோடு ஒரு முறை, ஜெமின்2-வோடு ஒரு முறை, ஏழையும் ஆர்என்ஏவோடு ஒரு முறை, ஆர்என்ஏவின் யு எழுத்துகளை மாற்றிவிட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். வரும் நம்பக மதிப்புகளை ஒப்பிடுங்கள். ஆனால் இந்த மென்பொருள் புரதத் தரவு வங்கியின் கட்டமைப்புகளைக் கொண்டே பயிற்சி பெற்றது, 3எஸ்6என்னும் அந்த வங்கியில்தான் இருக்கிறது. அதே விடை வந்தால் அது புதிய நிரூபணம் ஆகாது. எழுத்தை மாற்றிய ஓட்டத்தில் என்ன வருகிறது என்பதில்தான் உங்கள் சொந்த வேலை இருக்கிறது. வீட்டில் உட்கார இடமோ இணையமோ இல்லாதவர்கள் கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகம் போன்ற இடங்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கணினி வேண்டாம், பேப்பரும் பேனாவும் போதும் என்பவர்களுக்கு யு1 என்ற அந்த ஒற்றைப் படி இருக்கிறது. இந்தியாவில் பீட்டா தலசீமியாவுக்கு மிக அதிகமாகக் காணப்படும் காரணம், பீட்டா குளோபின் மரபணுவின் முதல் இன்ட்ரானில் 5-ஆவது எழுத்து ஜி-யிலிருந்து சி ஆக மாறுவது. இரு பெற்றோரிடமிருந்தும் இது வந்து, சில வாரங்களுக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றிக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போகும் பிள்ளைகளின் கதை இந்த ஒரு எழுத்தில் தொடங்குகிறது. எக்ஸானின் கடைசி மூன்று எழுத்தையும் இன்ட்ரானின் முதல் ஆறையும் எழுதுங்கள்: சிஏஜி ஜியுயுஜிஜியு. கீழே யு1 ஆர்என்ஏவின் முனையைத் தலைகீழாக எழுதுங்கள்: ஜியுசி சிஏயுயுசிஏ. இந்த யு1 வரிசையின் நடுவில் வரும் இரண்டு யு-வும் உண்மையில் சூடோயுரிடின் என்ற, சற்றே மாறிய யு. கோடு போட்டு இணைத்தால் ஒன்பதில் ஏழு இணை சரியாகப் பொருந்தும். இன்ட்ரானின் 3-ஆவது எழுத்து பொருந்தாது, 4-ஆவது பலவீனமாக ஒட்டும். இப்போது 5-ஆவது ஜி-யைச் சி ஆக்குங்கள். கீழே இருப்பதும் சி. பலமான ஓர் இணை அறுந்து, 6-ஆவது எழுத்து தனியாகத் தொங்குகிறது. யு1-இன் பிடி தளர்ந்ததும், பக்கத்தில் சும்மா கிடந்த மூன்று போலி இடங்கள் வெட்டுமுனைகளாக விழித்துக்கொள்கின்றன. இரண்டு எக்ஸானுக்குள், ஒன்று இன்ட்ரானுக்குள். சரியான ஆர்என்ஏ கொஞ்சம் வரும், மீதி வீண். கூடுவதில் முதல் படி தவறினால் என்ன நடக்கும் என்பதை இதைவிடக் கிட்டத்தில் காட்ட முடியாது.

பரிசோதனைக் கூடத்தில் கை நனைத்துத்தான் ஆக வேண்டும் என்பவர்களுக்கும் வழி உண்டு, ஆனால் பொறுமை வேண்டும். பேக்கரி ஈஸ்டின் ஆக்டின் மரபணுவில் சுமார் 300 எழுத்து நீளத்தில் ஓர் இன்ட்ரான் இருக்கிறது. ஆர்டி-பிசிஆர் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாகப் படியெடுத்துப் பெருக்கும் முறை) செய்தால் ஸ்ப்ளைசிங் ஆன துண்டு சின்னதாகவும் ஆகாதது 300 எழுத்து பெரிதாகவும் ஜெல்லில் பிரியும். இரண்டு இடத்தில் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். முதலாவது ப்ரைமர், அதாவது பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு. இந்த மரபணுவின் முதல் எக்ஸானில் புரதத்துக்கான பகுதி வெறும் 10 எழுத்துதான், ஆகவே முன் ப்ரைமரை அதற்கும் முந்தைய, புரதமாக மாறாத பகுதியில்தான் வைக்க வேண்டும். இரண்டாவது டிஎன்ஏ கலப்படம். ஆர்என்ஏவோடு டிஎன்ஏ கொஞ்சம் வந்துவிட்டாலும் அதே பெரிய பட்டை தெரியும், ஸ்ப்ளைசிங் குறைந்துவிட்டது என்று தப்பாக எழுதிவிடுவோம். டிஎன்ஏவை அழிக்கும் டிஎன்ஏஸ் நொதியைப் போட்டு, ஆர்என்ஏவை டிஎன்ஏவாகப் படியெடுக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத ஒரு குழாயையும் கூடவே ஓட்டுங்கள். அதில் பட்டை வந்தால் மொத்தத்தையும் திரும்பச் செய்ய வேண்டும். கரன்ட் போய் ஃப்ரீசர் நின்றால் ஆர்என்ஏ போயிற்று என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, பெரும்பாலானவர்களுக்கு நான் கொடுப்பது எஸ்எம் வளையம்தான். மருத்துவ மரபியல் பக்கம் போக நினைப்பவர்களுக்கு யு1-உம் தலசீமியாவும். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் மைக்ரோப்ராசசரை எடுக்கலாம். எக்ஸோசோமைப் பரிணாமத்தில் உண்மையான பிடிப்பு உள்ள ஒருவர் கேட்டால் மட்டும் கொடுப்பேன். தெர்மல் சைக்ளரும் நல்ல ஃப்ரீசரும் இருக்கும் கல்லூரியில் ஈஸ்ட் வேலையை இருவர் சேர்ந்து செய்வது நல்லது.

எதை எடுத்தாலும் சினாப்சிஸில் முதல் பக்கத்தில் ஓர் அட்டவணை வையுங்கள். கூடும் படிகளை வரிசையாக எழுதி, எதிரில் அந்தப் படிக்குச் சான்று கட்டமைப்பா, உயிர்வேதியியல் சோதனையா, திரிபா என்று குறியுங்கள். சான்று இல்லாத படிக்கு எதிரே காலியாகவே விடுங்கள், எக்ஸ்டெர்னல் கேட்கும் முதல் கேள்வி அங்கேதான் வரும். ஈஸ்ட் எடுப்பவர்கள் ப்ரைமர் ஆர்டரை டிசம்பருக்குள் போட்டுவிடுங்கள், பொங்கல் விடுமுறையில் லேப் பூட்டியிருக்கும்.